சாணிப் பாத்தியம்

எங்கள் வீட்டுக்குத் தட்டச்சு செய்த காகிதம் ஒன்று முதன்முதலாக வந்தது என் பெயருக்குத்தான். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த வேலை உத்தரவு. அப்பா அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். தலைமுடியில் உமித் தூசியோடு வந்தவர், கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். "இதுல என் பேரு எங்க கீது?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். என் பெயருக்குப் பக்கத்தில் 'தகப்பனார்' என்ற இடத்தில் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. சாண எரிவாயுக் கலம் கட்டச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்குவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. வாங்கினால் மட்டும் போதாது. கட்டிய கலம் எரியவும் வேண்டும். ஒரு வருடத்துக்குத்தான் உத்தரவு. நான் கட்டவைத்த கலங்கள் எரிந்தால் அடுத்த வருடத்துக்கும் எழுதுவார்கள்.

பயிற்சியின்போது ஓர் ஆசிரியர் கரும்பலகையில் இந்தியாவை வரைந்து, அதற்குள் ஒரு அடுப்பை வரைந்தார். நிலக்கரி தோண்டத் தோண்டக் குறையும், மண்ணெண்ணெய் கப்பலில் வரவேண்டும், விறகுக்கு மரம் வெட்டினால் காடு போகும் என்று ஒவ்வொன்றாக எழுதி அடித்தார். கடைசியில் ஒரு மாட்டை வரைந்தார். நாங்கள் சிரித்தோம். "சிரிக்காதீங்க. இதுதான் தீராத எரிசக்தி. புதுப்பிக்கக்கூடிய எரிசக்தி" என்றார். அந்தச் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன்.

"புதுப்பிக்கிறதுன்னா?" என்று கேட்டாள்.

"தீரத் தீரத் திரும்பத் திரும்ப வந்துகினே இருக்கும்."

"மாடு தினம் சாணி போடுது. அதத்தான இவ்ளோ நீட்டிச் சொல்ற?"

அம்மாவுக்குச் சாணியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டுக்குச் சாயம் போடும் ஒரு வீட்டில் அவள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். நான்கு மாடுகள். கூலியில் ஒரு பங்கு கையில் வரும். மற்றொரு பங்கு சாணி. அந்த வீட்டுச் சாணி அவளுக்கு என்பது நான் பிறப்பதற்கு முன்பே பேசி முடித்த பேச்சு. சாணிப் பாத்தியம் என்றுதான் அம்மா சொல்வாள், ஏதோ நிலத்தைச் சொல்வதுபோல. அதை உமியோடு பிசைந்து, மில்லின் நீண்ட மதில் சுவரில் வறட்டியாகத் தட்டுவாள். காய்ந்ததைக் கூடையில் அடுக்கித் தெருத்தெருவாக விற்பாள். என் நோட்டுப் புத்தகம், பாவாடை, தாவணி எல்லாம் அந்தச் சுவரிலிருந்து வந்தவை.

கலம் கட்டத் தகுதியான வீடுகளின் பட்டியலில் அந்த வீட்டைத்தான் நான் முதலாவதாக எழுதினேன். மாடுகள் இருந்தன, கிணறு இருந்தது, பின்கட்டில் இடம் இருந்தது. அலுவலகத்தில் இந்தக் காரணங்களைத்தான் சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த வீட்டுக்கு அதுவரை நான் பின்சந்து வழியாகத்தான் போயிருக்கிறேன், அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு. ஒருநாள் முன்வாசல் வழியாகப் போகவேண்டும் என்று இருந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சாணி எல்லாத்தையும் அந்தக் குழியில போட்டுட்டா நான் இன்னாத்தத் தட்டறது?"

"குழியிலேர்ந்து அது திரும்பி வெளிய வந்துடும்மா. நல்ல எருவா வரும்."

"எரு போட எனக்கு எங்கடி நிலம் கீது?"

அப்பா மூலையிலிருந்து சிரித்தார். "இப்ப சாணிக்குக் குழி வெட்றா. நாளைக்கு மில்லுக்கு வந்து என் உமிக்கும் ஒரு குழி வெட்டப் போறா உன் பொண்ணு."

"நீ சும்மா இரு" என்று அம்மா அவரை அடக்கினாள். முறத்தைக் கீழே வைத்தாள். "நீ சொல்லலன்னா வேற எவளாவது வந்து அந்த வீட்ல சொல்லத்தான் போறா. நீயே சொல்லு. சம்பளமாவது இந்த வீட்டுக்கு வரட்டும்."

ஆக, நிலைமை இதுதான். அந்தக் கலம் எரிந்தால் அம்மாவுக்குச் சாணி இல்லை. எரியாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

முன்வாசல் வழியாக நான் போனபோது சாயக்காரரின் மனைவி கொஞ்சம் தடுமாறிப்போனார். சின்ன வயதிலிருந்து என்னை 'ஏ பொண்ணு, வா' என்று கூப்பிட்டவர். இப்போது என் கையில் அலுவலகக் கோப்பு. 'வா' என்றும் சொல்ல முடியவில்லை, 'வாங்க' என்றும் வாய் வரவில்லை. "வந்தாச்சா?" என்றார். பிறகு, "உக்காரலாமே" என்றார். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சக்கரை போதுமான்னு தெரியல" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மூன்று மாதம் இப்படியே யாரையும் கூப்பிடாமல் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். தமிழில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சாயக்காரர் அப்படி இல்லை. முதல் நாளே 'வாங்க போங்க' என்றுவிட்டார். அவருக்கு ஒரு கவலைதான். சமையலறைப் புகை முற்றத்துப் பக்கம் வந்து, காய்கிற பட்டு நூல்மேல் படிகிறது. அடர்ந்த நிறம் என்றால் தெரியாது. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் மங்கிவிடுகின்றன.

"புகையே வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதியே குடுக்கறேன்."

"அப்படியே என் சாய அண்டாவுக்கும் அந்த கேஸ் வருமா?"

"நாலு மாட்டுச் சாணியில அவ்வளவு வராதுங்க. சமையலுக்கு மட்டும்தான்."

"அப்போ இன்னும் பத்து மாடு வாங்கிட்டு, பட்டை விட்டுட்டுப் பால் வியாபாரம் பண்ண வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பின்கட்டில் வட்டமாகக் குழி வெட்டிச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். அதன்மேல் பெரிய இரும்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு பக்கம் சாணியும் தண்ணீரும் கலந்து கரைக்கச் சின்னத் தொட்டி; மறுபக்கம், உள்ளே புளித்து முடிந்த சாணிக் கரைசல் வெளியே வந்து தேங்க இன்னொரு தொட்டி. உள்ளே வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். எழும்பினால் எல்லாம் சரி என்று பொருள். முதல் முறை குழியை நிரப்பத் தெரு முழுக்கச் சாணி வாங்க வேண்டியிருந்தது. அம்மா தட்டி வைப்பதற்காகச் சேர்த்திருந்ததும் அதில்தான் போனது.

தினமும் கரைத்து ஊற்றும் வேலை அம்மாவுடையது. கொட்டகையைக் கூட்டுகிறவள்தானே கரைக்கவும் வேண்டும். அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். சாணியும் தண்ணியும் சரிபாதி, வைக்கோல் துணுக்கு இருக்கக்கூடாது, கட்டி இருக்கக்கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை எப்படி விளக்குவது என்று யோசித்து, ஒரு உதாரணம் கண்டுபிடித்தேன்.

"தோசை மாவு புளிக்குதில்ல, அதே மாதிரிதாம்மா. மாவு பொங்கி மேல வருது, இங்க கேஸ் மேல வருது."

"மார்கழியில மாவு புளிக்காதே."

"ஆமாம். இதுவும் குளிர்ல மெதுவாத்தான் வரும். சூடு இருந்தா சீக்கிரம் வரும்."

"அப்போ வெதுவெதுன்னு வச்சிக்கணும்" என்றாள் அம்மா.

"கரெக்ட்" என்றேன். எனக்கு ஒரே பெருமை. அலுவலகத்தில் இரண்டு பேரிடம் இந்தத் தோசை மாவு உதாரணத்தைச் சொல்லவும் செய்தேன்.

அது மார்கழி மாதம்தான். மூன்று வாரத்தில் டிரம் எழும்பும் என்று சாயக்காரரிடம் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் ஆனது, நான்கு ஆனது. டிரம் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. தினமும் சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். கையால் டிரம்மைப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பேன். உள்ளே கரைசல் சளசளவென்று ஆடும், அவ்வளவுதான். தை பிறந்தது. ஒருநாள் எங்கள் அதிகாரி வந்து பார்த்தார். நல்ல மனிதர், கத்துகிறவர் இல்லை. டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்மா. முதல் கலமே எரியலன்னா, உன் பேரை நான் எப்படித் திரும்ப எழுதறது?"

தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. குழாயடியில் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். "சாணி பறிபோன வயித்தெரிச்சல்ல ஒருத்தி கரைச்சு ஊத்தறா. அது எப்படி எரியும்?"

சாயக்காரரின் மனைவியும் மெதுவாக ஆரம்பித்தார். "கரைக்கிறது என்னவோ அம்மாதான். நான் ஒண்ணும் சொல்லல. தெருவுல பேசிக்கறாங்க, அதான்." இதைச் சொல்லும்போதும் அவர் என்னைக் கூப்பிடவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை.

எங்கள் வீட்டு வெளிச்சுவர் ஓரம் வறட்டி அடுக்கு என் இடுப்பளவு எப்போதும் இருக்கும். அது இப்போது முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. வழக்கமாக வாங்குகிறவர்கள் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு போன பிறகும் ஒரு வார்த்தை புலம்பாமல் ஒருத்தி இருப்பாளா?

ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டேன். "ஏம்மா, நீ ஒழுங்காத்தான் கரைக்கிறியா?"

அவள் கையில் இருந்த துடைப்பத்தை மெதுவாகச் சுவரில் சாத்தினாள்.

"இன்னா கேட்ட?"

"இல்ல, அளவு சரியாத்தான் போடறியான்னு..."

"அளவு கேக்கல நீ. வேற இன்னாவோ கேட்ட." துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள். "போ. ஆபீஸ்ல எழுதிக்கோ. ஆத்தாக்காரிதான் கெடுத்துட்டான்னு எழுதிக்கோ. கீழ கையெழுத்து வேணும்னா சொல்லு, ரேகை வச்சித் தரன்."

அன்று ராத்திரி அப்பாதான் சோறு போட்டார்.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அம்மா கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நானும் கிளம்பி, பழைய பின்சந்து வழியாகவே போய், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் எப்படிக் கரைக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமல் பார்ப்பதற்காக.

விடிந்து வெயில் வந்திருந்தது. அம்மா வெள்ளிக்கிழமைக் குளியல் முடித்து, கால் முழுக்க மஞ்சள் பூசியிருந்தாள். கொட்டகையைக் கூட்டி முடித்தாள். சாணியை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் போட்டாள். வைக்கோல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே செய்தாள். பிறகு இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போகாமல் சாயப்பட்டறைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது வாளிகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கனத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தொட்டியில் ஊற்றும்போது தண்ணீர் தெறித்து அவள் கால்மேல் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது.

நான் ஓடினேன். "அம்மா, கால்ல ரத்தம்."

அவள் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். "ரத்தம் இல்ல ஒண்ணும் இல்ல. மஞ்சத்தான் செவந்துகீது. நீ எங்கேர்ந்து வந்த?"

மஞ்சள்தான். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பைத் தேய்த்தால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வேதியியல் பாடத்தில் காரம் என்று படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த வாளித் தண்ணீரில் காரம் இருக்கிறது.

"இது எங்கேர்ந்து எடுத்த தண்ணி?"

"பட்டு வேகவச்ச தண்ணி. விடியறதுக்கு முன்னாடி வேகவச்சிட்டாங்க. இன்னும் சூடா கீது."

கச்சாப் பட்டு நூலில் ஒருவகைப் பசை இருக்கும். சாயம் பிடிக்கவேண்டும் என்றால் முதலில் அந்தப் பசை போகவேண்டும். அதற்காகச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் நூலை வேகவைப்பார்கள். வெந்த பிறகு அந்தத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டிவிடுவார்கள்.

"இதைத்தான் தினமும் ஊத்தறியா?"

"பின்ன? கிணத்துத் தண்ணி சில்லுனு கீது. சூடு இருந்தா சீக்கிரம் வரும்னு நீதான சொன்ன? கொட்டறதுதானேன்னு அவங்களும் எடுத்துக்கச் சொன்னாங்க." குரல் தாழ்ந்தது. "மூணு வாரத்துல எழும்பும்னு சொல்லிட்டு வந்துட்ட. எழும்பலன்னா உன்னைத்தான பேசுவாங்க?"

பட்டறையிலிருந்து தொட்டிக்கு இருபது முப்பது காலடி இருக்கும். இத்தனை நாளும் தினம் அந்த ஆவி பறக்கிற வாளிகளைத் தூக்கி வந்திருக்கிறாள். தன்னுடைய சாணியை எடுத்துக்கொள்ளப்போகிற கலம் நன்றாக எரியவேண்டும் என்பதற்காக. தெருவில் பேசிய வயிற்றெரிச்சலை நானும் பாதி நம்பிவிட்டு, வைக்கோல் போர் மறைவில் வந்து நின்றிருக்கிறேன். நான் அவள் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டேன்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

"இன்னா தப்பு?"

"தோசை மாவுல சோப்புத் தண்ணி ஊத்தினா புளிக்குமா?"

அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயக்காரரிடம் போய், நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் வந்த கோளாறு என்று சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பட்டோட பசையையே கழட்டற தண்ணிம்மா அது. அதுல எந்த உசிரு தங்கும்? நானாவது யோசிச்சிருக்க வேணாமா?" என்றார். அவருடைய மனைவி எங்கோ பார்த்தபடி, "எடுத்துக்கச் சொன்னது நான்தான்" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். சொன்னார்.

குழியில் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டு, புதுச் சாணியும் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றினோம். ஆனால் அது மட்டும் போதாது. நன்றாக எரிகிற ஒரு கலத்திலிருந்து கரைசல் கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல ஊற்றவேண்டும். அப்படி ஒரு கலம் தேவிகாபுரத்தில் ஒரு விவசாயி வீட்டில் இருந்தது. மூடி போட்ட நான்கு எண்ணெய் டின்களை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பஸ் ஏறினோம்.

அந்த விவசாயியின் மனைவி எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். டிரம் நெஞ்சளவு எழும்பி நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டிரம்மை ஒரு தடவைதான் பார்த்தாள். நேராக மறுபக்கத் தொட்டிக்குப் போய், வெளியே வந்த கரைசலை விரலில் தொட்டு மோந்து பார்த்தாள்.

"நாத்தமே இல்லியே."

"நாத்தம் எல்லாம் உள்ளயே போயிடுதுங்க. ஈயும் மொய்க்கிறதில்ல" என்றார் விவசாயியின் மனைவி. வாய்க்கால் வழியாக அது கத்தரிச் செடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. செடிகள் ஒவ்வொன்றும் தளதளவென்று நின்றன.

"களை வரலியா?"

"சாணியை அப்படியே போட்டா வர்ற களை இதுல இல்லிங்க. அக்கம்பக்கத்துல கேட்டுகினுதான் கீறாங்க, எங்க நிலத்துக்கே பத்தல."

அம்மா கத்தரிப் பாத்தியின் ஓரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

திரும்பும்போது கண்டக்டர் டின்களைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, எண்ணெயா?"

"அரசாங்கச் சாமான்" என்றேன், அலுவலகக் குரலில்.

"அரசாங்கச் சாமான்னா சளக்கு புளக்குன்னு கீது?"

"சாணி" என்றாள் அம்மா.

கண்டக்டர் இரண்டடி பின்னால் போனார். "ஏம்மா, ஆரணியில சாணிக்கா பஞ்சம்? தேவிகாபுரத்துலேர்ந்து பஸ் ஏத்திப் போறீங்க?"

"இது படிச்ச சாணி. எங்க ஊர்ல இருக்கறது படிக்கல" என்றாள் அம்மா. பஸ் முழுக்கச் சிரித்தது. டின்கள் பஸ் கூரைமேல் ஏறின. நானும் சிரித்தேன். ஆனால் வழி நெடுக அம்மா ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மாசி வெயில் ஏற ஆரம்பித்தபோது டிரம் எழும்பியது. முதலில் ஒரு விரல்கடை, பிறகு ஒரு சாண். அம்மாதான் மதியத்தில் அலுவலக வாசலுக்கே வந்து, "உன் அண்டா எழுந்து நிக்குது, ஜல்தி வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் சேரும் வாயு எரியாது. அதைத் திறந்துவிட்டு, மறுபடி எழும்பக் காத்திருந்தோம். அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவரும் வந்தார்.

அடுப்பு சமையலறையில் இருந்தது. நான் நிலைப்படியில் நின்றேன். சாயக்காரரின் மனைவி திருகைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. "எரியலியே" என்று விரலைக் கொண்டுபோனவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். பகல் வெளிச்சத்தில் அந்த நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. "ஐயோ, எரியுதுங்க. உள்ள வாங்க, வந்து பாருங்க" என்றார் என்னைப் பார்த்து. சொல்லிவிட்டு, தான் சொன்னதை அவரே கவனித்தமாதிரி இருந்தது. நான் உள்ளே போனேன். அந்தச் சமையலறை நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. அதிகாரி தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, "அடுத்த வீடு எங்கே பாத்திருக்க?" என்று மட்டும் கேட்டார். அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அம்மா பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். நான் கூப்பிட்டேன். "எனக்கு இங்கேர்ந்தே தெரியுது" என்றாள். அதிகாரி போகும்வரை காத்திருந்தாள். பிறகு சாயக்காரரும் மனைவியும் பின்கட்டுக்கு வந்தபோது நேராகப் பேச்சை எடுத்தாள்.

"அடுப்பு எரிஞ்சிடுச்சி. சந்தோஷம்தான். அந்தப் பக்கத் தொட்டியில வெளிய வர்றது என்னுது."

சாயக்காரரின் மனைவி திகைத்தார். "அத நான் தென்னைக்கு ஊத்தலாம்னு இருக்கன்."

"தென்னை ரெண்டுதான கீது. அதுக்கு நானே ஊத்தறன். மிச்சம் என்னுது. இந்த வீட்டுச் சாணி எனக்குன்னு உங்க மாமியார் பேசினது. அது குழிக்குள்ள போய் வெளிய வந்துட்டா மாடு மாறிடுமா?"

சாயக்காரர் சிரித்துவிட்டார். மனைவி விடவில்லை. "எங்களுக்கும் நட்டம் இல்லாம இல்ல. கேஸ் அடுப்புல சாம்பல் வராது. இனிமே பாத்திரம் தேய்க்க நான் எங்க போறது? அதை யாரும் சொல்லலியே."

உண்மைதான். பயிற்சியில் அதை யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"உமிச் சாம்பல் கொண்டாந்து தரன். என் வீட்டுக்காரர் வேலை செய்ற மில்லுல மலையா குமிஞ்சி கீது. வாரத்துக்கு ஒரு கூடை. பித்தளை பளபளன்னு ஆவும்."

"ரெண்டு கூடை."

"மழையில ஒண்ணு, வெயில்ல ரெண்டு."

அதோடு முடிந்தது. எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. ஆனால் இந்த ஏழெட்டு வருடமாக இரண்டு பக்கமும் தவறியதில்லை. அம்மா வறட்டி தட்டுவதை முழுவதும் விட்டுவிடவில்லை. வேறு இரண்டு வீட்டுச் சாணி இருக்கிறது. அந்தக் கலம் இன்னும் எரிகிறது. நானும் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். தேசூர் பக்கம், பெரணமல்லூர் பக்கம் என்று கலங்கள் கட்டவைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும், இங்கே இப்போது சாணி யாருக்குப் போகிறது என்று முதலில் கேட்கிறேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. நானே ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.

பேசி முடித்த அந்த வாரமே, வெளியே வந்த கரைசலை அம்மா மில் களத்து ஓரம் காயவைத்தாள். காய்ந்ததும் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்பினாள். அங்கே ஒருவர் மல்லிப்பூத் தோட்டம் வைத்திருந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, நானும் கூடப் போனேன். அவர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். திரும்பவும் மோந்தார்.

"எரு வாசனையே இல்லியேம்மா. மண்ணை அள்ளியாந்து ஏமாத்தறியா?"

"வாசனை எல்லாம் சாயக்கார வீட்டு அடுப்புல எரிஞ்சிகினு கீது" என்றாள் அம்மா. "அது உனக்கு எதுக்கு? சத்துதான் வேணும் உனக்கு, அது இதுல கீது. ரெண்டு பாத்திக்குப் போட்டுப் பாரு. பூக்கலன்னா கூடையைத் திருப்பிக் குடு, எடுத்துகினு போறன்."

அவர் அம்மாவையும் கூடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியால் இரண்டு பாத்தியைக் காட்டினார். அடுத்த கூடைக்கு அம்மா போகவில்லை. அவரே சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.